ஊசியும் தண்டுவடமும்: நடந்ததற்கு யார் காரணம்?

(வளையமாதேவியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. முதுகுத் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போனவரை அக்குபங்சர் நடக்க வைக்குமா? பதிலும் சின்னதுதான். அப்படி நடக்க வைக்கும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இன்றுவரை இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். ஆனால் யாருடைய மனமும் மாறாது. ஏனென்றால், ஊசி போட்ட பிறகு கால் அசைந்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது நிஜம். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. பார்த்தது எப்படி நிஜம், சொன்ன காரணம் எப்படித் தவறு என்பதை விளக்கத்தான் இந்தப் பேச்சு.

இதை இந்தப் பகுதியில் பேசக் காரணம் இருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலை உங்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பனையும் தென்னையும் பலாவும் ஏறிப் பிழைக்கிறவர்கள் உள்ள வட்டாரம் இது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் கட்டுமான வேலையும் உயரத்தில் ஏறுகிறவர்களை நாள்தோறும் கேட்கின்றன. இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: உயரத்திலிருந்து விழுவது, சாலை விபத்து. அடிபடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைக்கும் வயதில் இருக்கும் ஆண்கள். உலகம் முழுவதும் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2024ல் கணக்குச் சொன்னது. அறுவை சிகிச்சை முடிந்து, எலும்பைத் தகடும் திருகும் வைத்து நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வி எழுகிறது: இனி எங்கே போவது? உறவுக்காரர் ஒருவர் ஒரு வைத்தியரின் பெயரைச் சொல்கிறார். வர்மம், எண்ணெய், புத்தூர்க் கட்டு என்று வரும் பட்டியலில் இப்போது அக்குபங்சரும் சேர்ந்திருக்கிறது.

முதலில் காயம் என்ன என்பதைப் பார்ப்போம். தண்டுவடம் மூளையின் தொடர்ச்சி. ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன், ஒன்றரை அடி நீளம். முதுகெலும்பின் உள்ளே இறங்கி இடுப்புப் பகுதியின் முதல் எலும்புக்குப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பலரும் இதை அறுந்த மின்கம்பியாக நினைத்துக்கொள்கிறார்கள். முறுக்கி ஒட்டினால் மின்சாரம் ஓடிவிடும் என்று. அந்த ஒப்புமைதான் முதல் தவறு. பெரும்பாலான விபத்துகளில் தண்டுவடம் அறுவதே இல்லை, நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் வீக்கமும் இரத்தக் குறைவும் அழற்சியும் சேர்ந்து, அடியில் தப்பிய செல்களையும் கொல்கின்றன. பிறகு அங்கே ஒரு தழும்பு உருவாகிறது. கையில் காலில் உள்ள நரம்பு வெட்டுப்பட்டால் மெல்ல வளர்ந்து சேரக்கூடும். தண்டுவடத்துக்குள் இருக்கும் நரம்பிழைகளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தழும்பும், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையில் இருக்கும் சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இந்தத் தடையை உடைக்க உலகின் ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக முயல்கின்றன. நடைமுறைக்கு வந்த மருந்து இன்னும் இல்லை.

அப்படியானால் சிலர் எப்படி எழுந்து நடக்கிறார்கள்? என் வாதத்தின் நடு இதுதான். இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். நசுங்கிய தண்டுவடத்தில் எல்லா இழைகளும் சாவதில்லை. செத்தவை, மயங்கியவை, தப்பியவை என்று மூன்றும் கலந்து கிடக்கின்றன. வீக்கம் வடிந்ததும் மயங்கியவற்றில் சில விழிக்கின்றன. தப்பியவை புதுக் கிளைப் பாதைகள் போட்டுக்கொள்கின்றன. இந்த மீட்சிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. 2007ல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் வழிகாட்டுரை அதைத் தொகுத்துச் சொல்கிறது: முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகு குறைந்து, ஒன்றரை ஆண்டு வரை சிறிது சிறிதாகத் தொடரும். மருத்துவர்கள் காயத்தை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வும் அசைவும் இல்லையென்றால் அது ஏ, அதாவது முழுமையான காயம். முதல் நாட்களில் ஏ என்று பதியப்பட்டவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் அந்த நிலையிலிருந்து மாறுகிறார். ஆனால் அவர்களில் நடக்கும் அளவுக்குத் தேறுகிறவர்கள் சிலரே. சி, டி நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் நடக்கிறார்கள். இதெல்லாம் ஊசி இல்லாமல் நடப்பது.

இப்போது இந்த அட்டவணையை நம் குடும்பங்களின் அட்டவணையோடு பொருத்திப் பாருங்கள். விபத்து நடந்து சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து வீடு. முதல் மாதமோ இரண்டாம் மாதமோ மாற்று வைத்தியம். அதாவது இயற்கை தானாகவே அதிகமாகத் தரும் மாதங்களில்தான் வைத்தியர் வருகிறார். அந்த மாதங்களில் வருகிற எந்த வைத்தியமும், எண்ணெயாக இருந்தாலும் தாயத்தாக இருந்தாலும் ஊசியாக இருந்தாலும், பலித்ததுபோலவே தெரியும். தேறியவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்வார். தேறாதவர் வீட்டுக்குள் படுத்திருப்பார். அவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. நம் காதுக்கு எட்டும் கதைகள் எல்லாம் ஒரே பக்கத்துக் கதைகளாக இருப்பது இதனால்தான்.

இதைவிட ஏமாற்றக்கூடிய இன்னொன்று உண்டு. அடிபட்டவுடன் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிப்போகிறது. கால்கள் துணிபோலத் துவண்டு கிடக்கும். முட்டியில் தட்டினாலும் உதைக்காது. சில நாட்களிலோ வாரங்களிலோ அந்த அதிர்ச்சி விலகுகிறது. அப்போது மூளையின் கட்டளை இல்லாமலே அனிச்சைச் செயல்கள் திரும்புகின்றன. உள்ளங்காலில் ஊசியால் குத்தினால் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் மடங்கிக் கால் மேலே இழுத்துக்கொள்ளும். பார்க்கிற தாய்க்கு அது உயிர் வந்த அறிகுறி. ஆனால் அந்தச் செய்தி காலிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது, மூளைக்குப் போகவில்லை. ஆளுக்குக் குத்தியது தெரியாது; அவர் நினைத்தால் அந்தக் கால் அசையாது. சில வேளை இந்த இழுப்பு பின்னாளில் தசை இறுக்கமாக முற்றி, வீல்சேரில் உட்காரவே விடாமல் தொல்லை கொடுக்கும். ஊசி போட்டதும் கால் இழுத்தது என்பதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேளுங்கள். காலைத் தொடாமல், கட்டைவிரலை அசை என்று சொல்லுங்கள். அதற்குப் பதில் வந்தால்தான் அது மீட்சி.

ஆக, ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். மதிப்பிடுகிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அக்குபங்சருக்கு இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கவில்லையா? நடந்திருக்கின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2003ல் தைவானிலிருந்து வெளியான ஆய்வு. ஏ, பி நிலையில் இருந்த 100 பேர். ஒரு பாதிக்கு, காயம் பட்ட தொடக்கத்திலேயே மின் அக்குபங்சர். மறு பாதிக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும். ஓராண்டு முடிவில் முதல் குழு உணர்விலும் அசைவிலும் அன்றாடச் செயலிலும் முன்னால் நின்றது. கவனிக்க வேண்டிய ஆய்வுதான், புறந்தள்ள மாட்டேன். ஆனால் உடலிலுள்ள புள்ளிகளில் அங்கே ஊசி குத்தப்படவில்லை. தோலில் ஒட்டும் மின்தகடுகளே வைக்கப்பட்டன. மறு குழுவுக்குப் போலிச் சிகிச்சை எதுவும் தரப்படவில்லை. கூடுதல் கவனிப்பும் கூடுதல் நம்பிக்கையும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கிடைத்தன. இந்த முடிவை ஒரு பெரிய, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சோதனை உறுதிப்படுத்தியிருந்தால் இன்று உலகின் எல்லாத் தண்டுவடப் பிரிவுகளிலும் அந்தக் கருவி இருக்கும். 2013ல் இத்தகைய சோதனைகளைத் தொகுத்து எடைபோட்ட கொரிய ஆய்வாளர்கள், பலன் இருக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, அடிப்படை ஆய்வுகளின் தரம் உறுதியான முடிவுக்கு இடம் தரவில்லை என்றும் சேர்த்தே எழுதினார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சீனாவில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நல்ல முடிவு சொல்கின்றனவே என்பார்கள். 1998ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சோதனைகள் எத்தனை சாதகமாக முடிந்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவானிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகள் ஒன்றுவிடாமல் சாதகம். அக்குபங்சர் அல்லாத மற்றச் சிகிச்சைகளில்கூடச் சீனாவிலிருந்து வந்தவற்றில் 99 சதவீதம் சாதகம். இங்கிலாந்தில் அது 75 சதவீதம். எந்த மருத்துவமும் நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை. தோற்ற சோதனைகள் அச்சேறாத இடத்தில் வென்ற சோதனைகளின் எண்ணிக்கைக்குப் பொருள் குறைவு.

இதைக் கீழைநாட்டு மருத்துவத்தின் மேல் மேலைநாட்டார் காட்டும் இளக்காரம் என்று சிலர் கோபப்படலாம். அவர்களுக்கு, மேலை மருத்துவம் தன் பிள்ளைகளை எப்படி நடத்தியது என்பதைச் சொல்கிறேன். ஜிஎம்-1 என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில் 1991ல் வெளியான சோதனையில் இருந்தவர்கள் 37 பேர். கால் அசைவில் நல்ல முன்னேற்றம் என்று புகழ்பெற்ற இதழில் வந்தது. பத்தாண்டு கழித்து 760 பேரை வைத்துச் சோதித்தபோது, ஆறு மாத முடிவில் வேறுபாடு நிலைக்கவில்லை. அங்கே அந்த மருந்து கைவிடப்பட்டது. மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் கதை இன்னும் பெரியது. 1990ல் வெளியான சோதனையை நம்பி, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் அதை ஏற்றுவது உலகம் முழுவதும் வழக்கமானது. பலன் அற்பம், தொற்று போன்ற பக்க விளைவுகள் அதிகம் என்று தெரிந்த பின், 2013ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுரை அதைத் தர வேண்டாம் என்றது. 37 பேரின் சாட்சியத்தை வைத்து ஒரு மருந்தை ஏற்கக் கூடாது என்றால் ஊசியையும் ஏற்கக் கூடாது. அளவுகோல் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் மறுக்கத்தான் வந்தாயா என்று கேட்காதீர்கள். தண்டுவடக் காயம் என்பது நடை மட்டும் அல்ல. வலி, சிறுநீர், மலம், தசை இறுக்கம், படுக்கைப் புண், பாலுறவு, மனச்சோர்வு என்று அது பத்துத் தொல்லைகளின் மூட்டை. நடை என்ற ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேட்டால் பதில் கொஞ்சம் மாறுகிறது.

வலியை எடுத்துக்கொள்வோம். வீல்சேரைக் கையால் தள்ளித் தள்ளித் தோள் வலி வராதவர்கள் குறைவு. 2007ல் அமெரிக்காவில் தண்டுவடக் காயமுற்ற 17 பேருக்கு ஒரு சிறு சோதனை நடந்தது. உண்மையான அக்குபங்சர் பெற்றவர்களுக்குத் தோள் வலி 66 சதவீதம் குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கும் 43 சதவீதம் குறைந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலைத் தாண்டியது என்று சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் சாதாரண முதுகுவலிக்காரர்கள் 1162 பேரிடம் நடந்த பெரிய சோதனையும் இதே தடத்தில்தான் போனது: முறையான புள்ளிகளில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேர் தேறினார்கள். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2, வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4. ஊசிக்கு ஏதோ பயன் இருக்கிறது, புள்ளியின் கணக்குக்குத்தான் பெரிய பங்கில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். நாடி பார்த்து ஒரே புள்ளியில் தொட்டு முழு நோயையும் விரட்டுவதாகச் சொல்கிறவர்கள் இந்த எண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் தசை, மூட்டு சார்ந்த வலி. காயத்துக்குக் கீழே எரிவதுபோல் வருகிற நரம்பு வலி வேறு வகை. நரம்பு வலிக்கான அக்குபங்சர் பற்றி 2017ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வுக்கு ஆறு சோதனைகள் மட்டுமே கிடைத்தன; அவற்றில் இருந்தவர்கள் 462 பேர். ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று அது முடிந்தது.

சிறுநீர்ப்பை விஷயம்தான் எனக்கு மிகவும் சுவையானதாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமே அக்குபங்சரை ஏற்றுக்கொண்டது என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் 2003ல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு அறிக்கை. அதில் நோய்கள் தரவாரியாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. மூன்றாவது பட்டியலுக்கு அவர்கள் எழுதிய விளக்கம்: தனித்தனிச் சோதனைகள் சில ஏதோ பலன் என்கின்றன, வழக்கமான சிகிச்சை கடினமாக இருப்பதால் முயன்று பார்க்கலாம். தண்டுவடக் காயம் வருவது அந்தப் பட்டியலில். அங்கேயும் நடைக்காக வரவில்லை. காயத்தால் கெட்ட சிறுநீர்ப்பைக்காக மட்டும் வருகிறது. சரி, அதில் உண்மை உண்டா? ஒரு நூல் நுனி இருந்தது. கணுக்காலின் உட்பக்கத்துக்குச் சற்று மேலே சீன மருத்துவம் சிறுநீர்த் தொல்லைகளுக்குப் பயன்படுத்தும் ஒரு புள்ளி இருக்கிறது. அதன் அருகே ஓடும் நரம்பு, சிறுநீர்ப்பையை ஆளும் அதே தண்டுவடப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. 1983ல் மெக்குவயர் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு, கணுக்காலருகே மின்துடிப்பு கொடுத்து அடங்காத சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்த முயன்றார். அவருடைய நோயாளிகளில் தண்டுவடக் காயக்காரர்களும் உண்டு. பின்னால் அது மெல்லிய ஊசி வழியாக நரம்பைத் தூண்டும் முறையாக வளர்ந்து, போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டு, அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்குச் சிறுநீரகவியலில் இடம் பிடித்தது. பழைய மருத்துவத்தை மதிப்பது என்றால் இப்படித்தான். குறிப்பை எடுத்துச் சோதித்து, பலித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள்.

இங்கே ஒரு புத்திசாலி இடைமறிப்பார். முதுகில் மின்சாரம் கொடுத்து நடக்க வைக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே, மின் அக்குபங்சரும் மின்சாரம்தானே? செய்தி உண்மை. 2011ல் அமெரிக்காவின் லூயிவில்லில் ஒரு இளைஞர் தண்டுவடத்தின் உறைமேல் வைத்த மின்முனைகளின் உதவியோடு எழுந்து நின்றார். 2018ல் அங்கும் சுவிட்சர்லாந்திலும் சிலர் அடியெடுத்து வைத்தார்கள். ஆனால் அந்த மின்முனை அறுவை சிகிச்சையால் தண்டுவடத்தின் மேலேயே பதிக்கப்படுகிறது. நடையை இயக்கும் நரம்புக் கூட்டத்துக்கு நேராக, அடிக்கு அடி கணினி கணக்குப் போட்டு மின்னோட்டம் தருகிறது. கூடவே பல மாதக் கடும் பயிற்சி. தோலில் குத்திய ஊசியின் மின்சாரம் அந்த ஆழத்தை அந்தத் துல்லியத்தோடு எட்டாது. எலிகளில் பலித்திருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. 2010ல் தென்கொரிய ஆய்வாளர்கள் அடிபட்ட எலிகளுக்கு ஊசி போட்டு அழற்சி குறைந்ததையும் நடை மேம்பட்டதையும் காட்டினார்கள். தண்டுவடம் அடிபட்ட எலியைத் தேற்றி, மனிதனிடம் தோற்ற மருந்துகளின் வரிசை நீளமானது. அந்த வரிசையில் ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

இந்திய அரசே 2019ல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். அங்கீகாரம் உண்மை. 2003ல் பதிவுபெற்ற மருத்துவர்கள் கையாளும் முறை என்ற அளவில் இருந்தது, 2019 பிப்ரவரியில் தனி முறை என்ற நிலைக்கு வந்தது. ஆனால் யார் படித்திருக்க வேண்டும், யார் தொழில் செய்யலாம் என்று ஒழுங்குபடுத்துவது வேறு; இந்த நோய் இதனால் குணமாகும் என்று சான்று கொடுப்பது வேறு. இந்தியாவுக்கு இந்த முறை வந்த வழி மரியாதைக்குரியது. 1938ல் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த சீனர்களுக்கு உதவப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே உயிர் விட்டார். திரும்பி வந்தவர்களில் ஒருவரான பிஜய் குமார் பாசு பின்னாளில் மறுபடி சீனா போய்க் கற்று, 1959ல் கல்கத்தாவில் இதைத் தொடங்கினார். வந்த வழி நல்லது என்பதால் போகும் இடமெல்லாம் பலித்துவிடாது. சீனாவின் சாங் ஹைடியை எண்ணிப் பாருங்கள். தண்டுவடத்தில் வந்த நோயால் ஐந்து வயதில் கால்கள் செயலிழந்தவர். தானே அக்குபங்சர் கற்று ஷான்டோங் கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1983ல் நாடே அவரை முன்மாதிரியாகக் கொண்டாடியது. 2008ல் மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பின் தலைவரானார். ஊசியின் தாயகத்தில், ஊசியைக் கையில் பிடித்தவர், வீல்சேரிலிருந்துதான் அந்தப் பதவிக்கு வந்தார். அவருடைய வாழ்வு தோற்றுப்போனது என்று யாராவது சொல்வார்களா?

இனி, எல்லா எதிர்வாதங்களிலும் வலுவானது: பலிக்காவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றுமில்லையே? இருக்கிறது. முதலில் உடம்புக்கு. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவருக்கு, உணர்வில்லாத பகுதியில் ஏற்படும் தூண்டல்கூட இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். நிரம்பிய சிறுநீர்ப்பை, அடைத்த கதீட்டர், இறுகிய செருப்பு, குத்திய ஊசி எதுவானாலும் சரி. கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது ஊசி போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலிகைச் சுருளைக் கொளுத்திச் சூடு காட்டினால், உணர்வற்ற தோல் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். ஆனால் இவற்றைவிடப் பெரிய கெடுதல் காலத்தால் வருவது. இயற்கை அதிகம் கொடுக்கும் அந்த முதல் மாதங்கள்தான் உடலைப் புது வாழ்க்கைக்குப் பழக்கும் மாதங்களும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு படுக்கவும், கைகளால் உடலைத் தூக்கி வீல்சேருக்கு மாறவும், நாள்தோறும் குறித்த நேரத்தில் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றவும் கற்கும் பருவம் அது. ஊசி பலிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அந்தப் பருவத்தைக் கடத்தினால் பிட்டத்தில் எலும்பு தெரியும் புண்ணும், முடங்கிய மூட்டும், தொற்றிய சிறுநீரகமும் மிஞ்சும். மருந்தையும் கதீட்டரையும் நிறுத்தச் சொல்கிற வைத்தியர்களும் நடுவில் இருக்கிறார்கள். அது வைத்தியமே அல்ல.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தண்டுவடம் அடிபட்டவர் சில மாதங்களில் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சாவதே வழக்கம். 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் இந்த விதியை மாற்றினார். புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்வது, உடற்பயிற்சி, வேலை, விளையாட்டு. அவ்வளவுதான். அறுந்த ஒரு நரம்பைக்கூட அவர் ஒட்டவில்லை. 1972ல் லாபிடஸ் என்ற அமெரிக்கர், வீட்டிலேயே கை கழுவிவிட்டுத் தானே குழாய் செலுத்திக்கொண்டால் போதும் என்று காட்டினார். அந்த எளிய குழாய் காப்பாற்றிய உயிர்களுக்குப் பக்கத்தில் எந்த அற்புத மருத்துவமும் நிற்க முடியாது.

நம் நாட்டில் இதன் வேர் வேலூரில் இருக்கிறது. 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட மேரி வர்கீஸ், வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966ல் அங்குள்ள சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் உருவானது. தென்காசி ஆய்க்குடியின் எஸ். ராமகிருஷ்ணன், 1975ல் பொறியியல் மாணவராகக் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போய் விழுந்தவர். கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் பத்மஸ்ரீ பெற்றார். போருக்குப் பிந்தைய ஈழத்தில், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே கூடி மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பை நடத்துகிறார்கள். இவர்களைச் சும்மா உருகுவதற்காகச் சொல்லவில்லை. தண்டுவடக் காயத்துக்கு இதுவரை பலித்த சிகிச்சை மறுவாழ்வுதான் என்பதற்கு இவர்கள் சான்று; ஆய்விதழ்கள் சொல்வதும் அதுவே.

கைவிட்ட டாக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயம்தான். இனி ஒன்றும் செய்ய முடியாது, கூட்டிக்கொண்டு போங்கள் என்ற வாக்கியம்தான் குடும்பங்களை வைத்தியர் வாசலுக்குத் துரத்துகிறது. அந்த வாக்கியம் மருத்துவ ரீதியாகவும் பொய். தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்தைக் கவனிக்க 2021 டிசம்பரிலிருந்து ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆறு மாதம்தான் பள்ளம். தண்டுவட மறுவாழ்வுக்கென்றே படுக்கைகள், பயிற்சி பெற்ற செவிலியர், வீட்டார்க்குக் கற்றுத்தரும் ஆள் எல்லாம் சென்னையிலும் வேலூரிலும் கோவையிலும் இருப்பதைப்போல மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால், ஊசிக்குப் போகும் வழியில் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டும் இயந்திரம் இறங்கியபோது எதிர்த்து நின்ற ஊர் இது. கேட்டு வாங்குவது எப்படி என்று உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. விபத்துக்கும் வேலைக்கும் பேர்போன தொழில்நகரத்தின் பக்கத்தில் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல.

நம்பிக்கையைப் பறிக்காதே என்பார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, நகையும் நிலமும் போன பிறகு, வைத்தியர் ‘உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை’ என்று சொல்லும்போது பறிபோவது என்ன? நோயாளி தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார். அதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தோள்வலிக்கோ முதுகுவலிக்கோ ஊசி போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் சில நிபந்தனைகள் இருக்கட்டும். பிசியோதெரபியும் கதீட்டரும் மருந்தும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். காயத்தின் மட்டம் என்ன, இரத்த அழுத்தம் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று வைத்தியரிடம் முதல் நாளே கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். உணர்வில்லாத இடத்தில் சூடு வேண்டாம். எதற்காக ஊசி என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: தோள்வலி பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்று. ஆறு வாரம் கழித்து அதே தாளை எடுத்துப் பாருங்கள். எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தத் தாளில் ‘நடக்க வேண்டும்’ என்று எழுதச் சொல்கிற வைத்தியராக இருந்தால், ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.